கிராப்பெல்லியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

போன மாதம் அக்கா மகள் போனில் கேட்டாள். "மாமா, கிராப்பெல்லி கிராப்பெல்லின்னு சொல்லிட்டே இருப்பீங்களே, தேடிப் பார்த்தா முடிவே இல்லாம ஆல்பமா வருது. முதல்ல எதைக் கேக்கட்டும்?"

ஒன்பது வருடமாகக் கர்நாடக வயலின் கற்றுக்கொள்கிறாள். வர்ணம், கீர்த்தனையெல்லாம் தாண்டி இப்போது கல்பனாஸ்வரத்தில் கை வைத்திருக்கிறாள். ஜாஸ் அவளுக்குப் புதிது. கேள்வி சின்னதுதான். ஆனால் தவறான இடத்தில் தொடங்கினால், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அப்படிப் போய்விடக் கூடாத ஜாஸ் வயலின் கலைஞர் கிராப்பெல்லி. அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் மறுபடி கேட்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ஸ்டெஃபான் கிராப்பெல்லி 1908 ஜனவரி 26 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா இத்தாலியர், அம்மா பிரெஞ்சுக்காரர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். முதல் உலகப் போர் வந்ததும் அப்பா படைக்குப் போக வேண்டியதாயிற்று. பையன் கொஞ்ச காலம் இசடோரா டங்கனின் நடனப் பள்ளியில் இருந்தான். பிறகு அனாதை இல்லம், பசி. போர் முடிந்து திரும்பிய அப்பா தன் சூட்டை அடகு வைத்து, பன்னிரண்டு வயது மகனுக்கு ஒரு முக்கால் அளவு வயலின் வாங்கிக் கொடுத்தார். பாரிஸ் இசைக் கல்லூரியில் சில வருடங்கள் படித்தது காதுக்கும் நொட்டேஷனுக்கும் உதவியது. வில்லும் விரலும் பெரும்பாலும் தானாகவும் தெருவிலும் கற்றவை. குடியிருப்புகளின் முற்றங்களில் வாசித்துக் காசு வாங்கினார். பதினைந்து வயதில் ஊமைப்படம் ஓடும் தியேட்டரில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தார். இடையில் பியானோவும் கற்று, சில வருடங்கள் வயலினை விட்டுவிட்டுப் பியானோ வாசித்தே சம்பாதித்தார்.

இந்தப் பியானோ விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. ஜாஸில் தம்புரா கிடையாது. ஒரே ஆதார ஸ்ருதியில் நின்று ராகத்தை விரிப்பதில்லை. பாட்டின் அடியில் ஸ்வரக் கூட்டுகள், அதாவது கார்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே போகும். பெரும்பாலும் 32 அளவு (நாலு தட்டு சேர்ந்தது ஓர் அளவு) கொண்ட ஒரு சுற்று முடிந்ததும் அதே கார்டுகள் திரும்ப வரும். அந்த நகரும் தரையின் மேல்தான் கற்பனை செய்ய வேண்டும். பியானோவில் பத்து விரலாலும் அந்தத் தரையைத் தொட்டுப் பழகியவர் கிராப்பெல்லி. அதனால் வயலினில் தனி ஒற்றை வரி வாசிக்கும்போதும் அடியில் எந்தக் கார்டு ஓடுகிறது என்பது நமக்குக் கேட்டுவிடுகிறது.

சரி, எதைக் கேட்பது?

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது 1934 முதல் 1939 வரையிலான பதிவுகளைத்தான். பாரிஸின் கிளாரிட்ஜ் ஓட்டலில் நடன இசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, இடைவேளையில் மேடைக்குப் பின்னால் கிடார் கலைஞர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டும் இவரும் பொழுதுபோக்காக வாசித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்தது ஹாட் கிளப் ஐவர் குழு. ஒரு வயலின், மூன்று கிடார், கீழ் ஸ்தாயிக்கு ஆளுயர வயலின் போன்ற ஒரு டபுள் பாஸ். டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, ஊதுகருவி ஒன்றுகூடக் கிடையாது. தாளத்துக்குப் பொறுப்பு இரண்டு கிடார்கள். ஒவ்வொரு தட்டும் வெட்டி வெட்டி விழும் அந்த வாசிப்பை அங்கே 'பொம்ப்' என்பார்கள், நம் அடிபம்பு மாதிரி. மிருதங்கம் இல்லாத கச்சேரியில் தம்புராவே தாளம் போட ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு அதிசயம்.

ஜாங்கோ ஜிப்சி மரபில் வந்தவர். 1928இல் அவருடைய வண்டி வீடு தீப்பிடித்ததில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் சுருங்கிப்போயின. மற்ற இரண்டு விரல்களை வைத்து அவர் எழுப்பும் ஸ்வர வேகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. 1937 நவம்பரில் இருவரும் சேர்ந்து அமைத்துப் பதிவு செய்த 'மைனர் ஸ்விங்' கேட்டுப் பாருங்கள். மொத்தமே மூன்றே கால் நிமிடம். ஜாங்கோ முதலில் சொல்லி முடிக்கிறார். பிறகு கிராப்பெல்லி வருகிறார். ஜாங்கோவின் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வெடிப்பு. கிராப்பெல்லியுடையதோ நீண்ட ஒரே மூச்சு. கார்டு மாறும் இடத்தில் அவர் வில்லை மாற்றுவதில்லை. மாற்றம் வில்லின் நடுவிலேயே நடந்துவிடுகிறது. கடைசியில் யாரோ மகிழ்ச்சி தாங்காமல் குரல் கொடுப்பதும் இசைத்தட்டில் பதிவாகிவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதிலிருந்து தொடங்க வேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். மூன்று காரணங்கள்.

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். அதில் ஜாங்கோவுக்கு ஒரு பங்கு, பல்லவி போலப் பாட்டின் மெட்டுக்கு ஒரு பங்கு. கிராப்பெல்லிக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு சுற்று. நிரவலுக்கு நுழையும்போதே மங்களம் பாடச் சொன்ன மாதிரி. இரண்டாவது, அந்தத் தட்டுகளில் ஜாங்கோதான் சூரியன். முதல் தடவை கேட்பவர் காது கிடார் பக்கமே போகும், அதில் தப்பே இல்லை. மூன்றாவது, பழைய பதிவின் இரைச்சலுக்குப் பழகாத காதுக்கு வயலினின் மேல் ஸ்தாயி கொஞ்சம் கீச்சென்று கேட்கும். கிராப்பெல்லியின் நாதத்தில் உள்ள பட்டு அந்த இரைச்சலில் பாதி மறைந்துபோகிறது.

ஒரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. 'ஜாங்கோவின் சிறந்த பாடல்கள்' என்ற மாதிரித் தொகுப்புகளை நம்பிக் கேட்காதீர்கள். 1939 செப்டம்பரில் போர் அறிவிப்பு வந்தபோது குழு பிரிட்டனில் இருந்தது. ஜாங்கோ பிரான்சுக்குத் திரும்பிவிட்டார், கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். 1946 வரை இருவரும் சேர்ந்து வாசிக்கவே இல்லை. ஜாங்கோவின் புகழ்பெற்ற 'நுவாஜ்' முதலில் பதிவானது 1940இல். அதில் இருப்பது கிளாரினெட், வயலின் இல்லை. தொகுப்பில் ஆண்டைப் பாருங்கள். பெயரைத் தேடும்போதும் கவனம் வேண்டும். பழைய தட்டுகளில் அவர் பெயரின் கடைசி ஆங்கில எழுத்து 'ஐ' அல்ல, 'ஒய்'.

அடுத்த தேர்வு மெனுஹினோடு வாசித்தவை. என் கைக்கு முதலில் வந்தது இதுதான். கல்லூரி நாட்களில் ஒரு நண்பன் வைத்திருந்த காசெட். வயலின் மேதை யெஹுதி மெனுஹின் பெயர் நம் ஊரில் தெரிந்த பெயர். 1952இல் இந்தியா வந்து, பிறகு ரவிசங்கரோடு சேர்ந்து வாசித்தவர். 1971இல் பிபிசியின் ஒரு பேட்டி நிகழ்ச்சிக்காகக் கிராப்பெல்லியையும் அவரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார்கள். அது பிடித்துப்போய், அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் பல ஆல்பங்கள் வந்தன. 1930களின் பாட்டுகள், அழகான ஒலிப்பதிவு, கேட்கச் சுகம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் மெனுஹின் வாசிக்கும் 'கற்பனை' பெரும்பாலும் எழுதிக் கொடுக்கப்பட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை. மேற்கத்திய சாஸ்திரிய மரபில் வளர்ந்தவருக்கு எழுத்தில்லாமல் வாசிப்பது பழக்கமில்லை. ஐம்பது வயது தாண்டி அதற்குள் இறங்கிப் பார்த்த துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன். இரண்டு வயலினையும் பிரித்துக் கேட்பது நல்ல பயிற்சியும்கூட. ஜாஸில் இரண்டு சின்ன ஸ்வரங்கள் சமமாக விழுவதில்லை. திஸ்ரத்தில் முதல் இரண்டு அட்சரங்களை ஒன்றாக நீட்டி, மூன்றாவதைத் தனியாகத் தட்டினால் எப்படியோ, ஏறக்குறைய அப்படி. அதைத்தான் ஸ்விங் என்கிறார்கள். மெனுஹின் அதைக் கணக்காக வாசிப்பார். கிராப்பெல்லிக்கு அது நடை. அந்த மூன்றாவது அட்சரம் ஒருபோதும் ஒரே இடத்தில் விழாது, ஒரு மயிரிழை முன்னே பின்னே போய்க்கொண்டே இருக்கும். இந்த வேறுபாடு கேட்கத் தெரிந்தபிறகு மெனுஹின் ஆல்பங்கள் இனிக்கும். அதற்கு முன்னால் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. இரண்டு வருடம் கிராப்பெல்லியை 'இனிமையான லைட் மியூசிக்' என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருடம் வீண்.

நமக்கு மிக நெருக்கமான தேர்வு ஒன்றும் இருக்கிறது. எல். சுப்பிரமணியத்தோடு சேர்ந்து வாசித்து 1984இல் வந்த 'கான்வர்சேஷன்ஸ்'. சுப்பிரமணியத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் அப்பா லக்ஷ்மிநாராயண ஐயரிடம் கற்று, 1958 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்து, மருத்துவமும் படித்து, பிறகு வயலினோடு உலகம் சுற்றியவர். தம்பி எல். சங்கர் அதற்கு முன்பே கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு 'சக்தி' குழுவில் இருந்தார். கர்நாடக வயலின் கற்கும் பெண்ணுக்கு இதைத்தானே முதலில் கொடுக்க வேண்டும்? நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன்.

மறுபடி கேட்டபோது மனம் மாறிவிட்டது. அந்த ஆல்பத்தில் உள்ளவை பெரும்பாலும் சுப்பிரமணியத்தின் ஆக்கங்கள். வீடு அவருடையது, கிராப்பெல்லி விருந்தாளி. மரியாதையோடு, கேட்டுக் கேட்டு, இடம் பார்த்து வாசிக்கிறார். ஆனால் அவர் கால் பழகிய தரை, அந்த நகரும் கார்டுகள், அங்கே குறைவு. இரண்டு மரபுகள் ஒரே கருவியை எப்படிப் பேச வைக்கின்றன என்பதற்கு நல்ல சான்று அது. நாம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி, இடது கையை முழுதாக விடுவித்து, கமகத்துக்காக விரலை நெடுக இழுக்கிறோம். அவர் நின்றுகொண்டு தாடையில் பிடித்து, விரலை அதிகம் இழுக்காமல், வில்லாலேயே வளைவுகளை உண்டாக்குகிறார். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து நாம் எடுத்து நம் வழியில் மாற்றிக்கொண்ட கருவியை ஜாஸ்காரர்கள் வேறொரு திசையில் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் இந்த ஒப்பீடு புரிய, கிராப்பெல்லி தன் வீட்டில் எப்படிப் பேசுவார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இது மூன்றாவதோ நான்காவதோ கேட்க வேண்டியது.

வயலின்காரர்கள் கூடிய பதிவுகளும் உண்டு. 1957இல் ஸ்டஃப் ஸ்மித்தோடு பாரிஸில் வாசித்தது, 1966இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஸ்டஃப் ஸ்மித், ஸ்வென் அஸ்முஸென், இளம் ஜான்-லுக் போந்தி ஆகியோரோடு நான்கு வயலின்களாக ஒரே மேடையில் வாசித்தது. எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் குரல் அடையாளம் தெரியாமல் நால்வர் பேசும் அறைக்குள் நுழைவதில் பயனில்லை.

இனி நான் தேர்ந்தது. 1973 நவம்பர் 5 அன்று லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு, 'ஐ காட் ரிதம்'.

அப்போது கிராப்பெல்லிக்கு வயது 65. ஜாங்கோ 1953இலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு நீண்ட காலம் கிராப்பெல்லியைப் பெரிய உலகம் ஏறக்குறைய மறந்திருந்தது. 60களின் கடைசியில் பாரிஸ் ஹில்டன் ஓட்டலில் சாப்பிட வருபவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். டிஸ் டிஸ்லி என்ற கிடார் கலைஞர்தான் அவரை மறுபடி கிடார்களின் நடுவில் நிற்க வைத்தவர். டிரம்ஸும் பியானோவும் வேண்டாம், பழைய மாதிரி கிடாரும் பாஸும் போதும் என்று வற்புறுத்தினார். 1973 கோடையில் கேம்பிரிட்ஜ் நாட்டுப்புற இசை விழாவில் அவர்கள் வாசித்தபோது எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். 1930களில் பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். நான் சொல்லும் கச்சேரி அதற்குச் சில மாதங்களுக்குப் பின் நடந்தது.

டிஸ்லி, டென்னி ரைட் இரண்டு கிடார், லென் ஸ்கீட் பாஸ். ஒரு கிடார் குறைவு என்றாலும் அமைப்பு 1934இன் அமைப்புதான். ஆனால் நடுவில் ஜாங்கோ இல்லை. கொடூரமாகத் தோன்றலாம், எனினும் சொல்லித்தான் ஆக வேண்டும்: ஜாங்கோ இல்லாததால்தான் கிராப்பெல்லி யார் என்று இங்கே முழுதாகத் தெரிகிறது. இருபத்தொன்பது வயதில் ஒரு மேதையின் பக்கத்தில் நின்று, அவர் விட்ட இடத்தை நிரப்பியவர், 65 வயதில் மேடை முழுவதையும் தன் வில்லால் தாங்குகிறார். மூன்று நிமிட வேலி கிடையாது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். முதல் சுற்றில் மெட்டைக் கொஞ்சம் தொட்டுத் தொட்டு விடுவார். இரண்டாவதில் மெட்டு கரைந்துவிடும். அடுத்ததில் மேல் ஸ்தாயிக்குப் போய், கம்பியை மேலாகத் தொட்டு எழுப்பும் புல்லாங்குழல் போன்ற ஒலியில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, நாம் மூச்சுவிடும் முன் கீழே வந்துவிடுவார். இளமையில் இருந்த அவசரம் இல்லை. வேகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு காரணம் சபை. நம் கச்சேரிகளில் பழகிய காதுக்கு ஸ்டுடியோவில் செய்த பதிவைவிட ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பதிவு பிடிக்கும். கைதட்டல் எங்கே விழுகிறது என்பதே ஒரு பாடம். ஒருவர் தன் சுற்றுகளை முடித்து அடுத்தவரிடம் கொடுக்கும் இடத்தில் விழும், நாம் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுவது போல. நாலைந்து பாட்டு கேட்டால், இப்போது எத்தனையாவது சுற்று என்று புதிதாகக் கேட்பவருக்கே பிடிபட்டுவிடும்.

கச்சேரிப் பதிவு என்பதால் மைக் சில இடங்களில் வயலினுக்கு மிக அருகில் இருப்பது போலக் கேட்கும். அது உறுத்தினால் 1979இல் கோபன்ஹேகனின் டிவோலியில் கிடார் கலைஞர் ஜோ பாஸ், டபுள் பாஸ் கலைஞர் நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பெடர்ஸன் இருவரோடும் வாசித்தது இருக்கிறது. கிடார், பாஸ், வயலின் மூன்றே கருவிகள், ஒலி இன்னும் தெளிவு. இரண்டில் ஒன்று என்றால் நான் லண்டனைத்தான் எடுப்பேன். டிவோலியில் மூவரும் அபார வித்வான்கள். லண்டனில் ஒரு மனிதர் திரும்பி வந்த சந்தோஷம் இருக்கிறது.

யாருக்கு இந்தத் தேர்வு மாறும்? நீங்கள் கிடார் வாசிப்பவர் என்றால் யோசிக்காமல் 1937, 38க்குப் போங்கள். மேற்கத்திய சாஸ்திரிய வயலின் கற்பவர் என்றால், 1937 நவம்பரில் கிராப்பெல்லியும் அமெரிக்கக் கறுப்பின வயலின் மேதை எடி சவுத்தும் ஜெர்மன் இசை மேதை பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவின் முதல் பகுதியை ஸ்விங்கில் வாசித்தது இருக்கிறது. இரு வயலின்களுக்கும் ஜாங்கோவின் கிடார் ஒன்றே துணை. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பின்னணியில் இதமாக ஒலிக்க வேண்டும் என்றால் மெனுஹின். ஈழத்துக்கும் சென்னைக்கும் பாரிஸுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும் என்ற ஆசைதான் முக்கியம் என்றால் 'கான்வர்சேஷன்ஸ்', அதையும் நான் குறை சொல்லமாட்டேன்.

கர்நாடக வயலின் கற்கும் என் அக்கா மகளுக்குச் சொன்ன வரிசை இது. முதல் வாரம் முழுக்க 1973 கச்சேரி மட்டும். அதில் 'டாஃப்னே' என்ற ஜாங்கோவின் பாட்டு வரும். அது நன்றாகப் பழகியபிறகு, 1938இல் லண்டனில் ஐவர் குழு பதிவு செய்த அதே 'டாஃப்னே'யைக் கேட்க வேண்டும். முப்பத்தைந்து வருட இடைவெளி, அதே மனிதர், அதே பாட்டு. இதற்குப்பின் 'மைனர் ஸ்விங்'. பிறகு 1949 ரோம். ஜாங்கோவும் அவரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தவை அவை. உள்ளூர் இத்தாலியப் பியானோ, பாஸ், டிரம்ஸ் கலைஞர்களோடு அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். பக்கவாத்தியம் கொஞ்சம் கனம்தான். அதற்குமேல் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் பறப்பதைக் கேட்க வேண்டும். 'கான்வர்சேஷன்ஸ்' அதற்குப் பிறகு.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. டாஃப்னே இரண்டையும் கேட்டுவிட்டாளாம். "சின்ன வயசுல வாசிச்சதுல யாரையோ துரத்துற மாதிரி இருக்கு மாமா. இதுல அவர் பாட்டுக்குப் போறார்" என்றாள். பிறகு, அந்தக் கிடார் தாளம் பின்னால் இல்லாமல் அவரால் இப்படி வாசிக்க முடியுமா என்று கேட்டாள். 1990இல், 82 வயதில், மெக்காய் டைனர் என்ற பியானோ மேதையோடு தனியாக, வேறு யாரும் இல்லாமல், ஒரு முழு ஆல்பம் வாசித்திருக்கிறார். பெயர் 'ஒன் ஆன் ஒன்'. அதன் இணைப்பை அனுப்பிவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு கேள் என்று மட்டும் எழுதினேன்.